கோடரி விழும்போது என்ன சொல்வது? டேபிள்டாப் சண்டையில் மிரட்டும் அடியை விவரிக்க நான்கு வழிகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் கதை சொல்லிப் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி.அண்ட்.டி.) ஆடுகிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். பகடை உருண்டு நிற்கிறது, அடி பட்டுவிட்டது, டேமேஜைக் கூட்டியாகிவிட்டது, "14, சரி, அடுத்து யாரு?" என்று டி.எம்., அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டர், நகர்ந்துவிடுகிறார். தப்பில்லை, சண்டை நகர வேண்டும். ஆனால் அந்த 14-க்குள் ஒரு கோடரி இருந்தது, அதை வீசிய ஒருத்தி இருந்தாள், அதைப் பார்த்து வயிறு கலங்கிய ஒருவன் இருந்தான். அதில் எதுவுமே டேபிளுக்கு வராமல் போய்விட்டது. பத்து நொடி போதும் அதைக் கொண்டுவர. அந்தப் பத்து நொடியில் எதைச் சொல்வது என்பதுதான் கேள்வி.

நான் பார்த்தவரை டி.எம்.களும் ஆடுகிறவர்களும் நான்கு விதமாக இதைச் செய்கிறார்கள். ஆயுதம் போகும் பாதையைச் சொல்கிறவர்கள், ரத்தத்தைச் சொல்கிறவர்கள், அடிக்கு முந்தைய கணத்தைச் சொல்கிறவர்கள், அடியைப் பார்த்தவன் என்ன ஆனான் என்று சொல்கிறவர்கள். நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வழக்கமாகக் கையில் வைத்திருக்க வேண்டியது நான்காவது. மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அவை சில டேபிள்களுக்கு, சில அடிகளுக்கு மட்டும்தான்.

ஒரே காட்சியில் நான்கையும் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மலைச்சாலையில் ஒரு பழைய கல் பாலம், பொழுது சாயும் நேரம். எதிர்ப்பக்கம் ஒரு ஹாப்கோப்ளின் (படை பழகிய அரக்க இனம்) கேப்டன், அவனுக்குப் பின்னால் ஐந்து கோப்ளின்கள், அதாவது குட்டி அரக்கர்கள். நம் பக்கம் ஐந்தாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்) ஒருத்தி, சண்டை உத்திகள் தெரிந்த பேட்டில் மாஸ்டர் வகை, கையில் கிரேட் ஆக்ஸ் என்ற பெரிய கோடரி. பெயரெல்லாம் வேண்டாம், கோடரிக்காரி என்றே வைத்துக்கொள்வோம். அவள் கேப்டனை அடிக்கிறாள், அடி படுகிறது, "மெனேசிங் அட்டாக் சேர்க்கிறேன்" என்கிறார் ஆடுகிறவர். ஒரு சுப்பீரியாரிட்டி டைஸைச் செலவழித்து, அடியோடு எதிரியைப் பயமுறுத்தவும் பார்க்கும் உத்தி அது. 12 முகப் பகடையில் 6, ஸ்ட்ரெங்த்துக்கு 4, சுப்பீரியாரிட்டி டைஸில் 4, மொத்தம் 14. கேப்டன் 15-ஐ எட்ட வேண்டிய விஸ்டம் சேவ் (பயத்தைத் தாங்குகிறானா என்று பார்க்கும் பகடை) போட்டுத் தோற்கிறான். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்புத்தகக் கணக்கில் அவனுக்கு 39 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண்), ஆக இன்னும் 25 மிச்சம். கோடரிக்காரியின் அடுத்த டர்ன் (முறை) முடியும்வரை அவன் பயந்த நிலையில் இருப்பான். டி.எம். வாயைத் திறக்க வேண்டும்.

முதல் வழி: ஆயுதம் போகும் பாதை

"கோடரிய வலது தோளுக்கு மேல தூக்குறா, இடது கால முன்னால வச்சு இடுப்பத் திருப்பி சாய்வா இறக்குறா. அவன் கேடயத்த உயர்த்துறான், கோடரி கேடயத்து விளிம்புல பட்டு வழுக்கி தோள் தகட்டுல இறங்குது."

தெளிவாக இருக்கிறது. சிலம்பமோ வாள் வீச்சோ பழகியவர் டேபிளில் இருந்தால் அவருக்கு இது மிகவும் பிடிக்கும், கால் எங்கே இருந்தது என்று அவர் கேட்கக்கூடச் செய்வார். ஆனால் கேட்கிறவர் மனதில் தோள், கால், இடுப்பு, கேடயம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு வருவதற்குள் சொல்ல வேண்டிய விஷயம் ஆறிப்போகிறது. யார் எங்கே அடித்தார்கள் என்பது தெரிந்தது, யாருக்குப் பயம் என்பது தெரியவில்லை. மெனேசிங் அட்டாக்குக்கு ஒரு டைஸ் செலவழித்தவருக்கு அதுதான் தெரிய வேண்டும்.

இன்னொரு சிக்கல் நேரம். டி.அண்ட்.டி.யின் பழைய வடிவமான ஏ.டி.அண்ட்.டி.யில் ஒரு ரவுண்ட், அதாவது எல்லோருக்கும் ஒரு முறை வந்துபோகும் சுற்று, ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் நடக்கும் பாய்ச்சல், விலகல், பாசாங்கு வீச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு ரோல், அதனால் அதில் எந்தக் கணத்தை எடுத்துச் சொல்வது என்பது டி.எம். விருப்பம். ஐந்தாம் பதிப்பில் ரவுண்ட் 6 நொடி, ஒவ்வொரு வீச்சுக்கும் தனி ரோல். ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு இரண்டு வீச்சு, ஆக்‌ஷன் சர்ஜ் என்ற கூடுதல் வாய்ப்பைப் போட்டால் நான்கு. நான்கு வீச்சுக்கும் கால் எங்கே, இடுப்பு எங்கே என்று சொல்ல ஆரம்பித்தால், டர்னுக்காகக் காத்திருக்கும் விஸார்ட் (மந்திரவாதி) ஆடுகிறவர் போனை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த வழி உண்மையிலேயே கைகொடுப்பது அடி தவறும்போது. தவறிய அடியைப் பெரும்பாலான டி.எம்.கள் "மிஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கேப்டனின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 17, நிறைய அடிகள் தவறத்தான் செய்யும், அத்தனையும் வீண் வீச்சாகத் தெரிந்தால் கோடரிக்காரி கைக்கு வலுவில்லாதவள் மாதிரி ஆகிவிடுவாள். "கோடரி அவன விட்டுட்டு பாலத்துக் கைப்பிடிச் சுவர்ல மடார்னு இறங்குது, ஒரு முழுக் கல்லு பேர்ந்து ஆத்துல விழுது." டேமேஜ் பூஜ்யம்தான், ஆனால் அந்தக் கல் இருந்த இடத்தில் தன் தலை இருந்திருக்கலாம் என்று கேப்டனுக்கு இப்போது தெரியும், டேபிளில் எல்லோருக்கும் தெரியும். தவறிய அடிக்கு ஆயுதத்தின் பாதை, பட்ட அடிக்கு வேறு ஏதாவது: இந்த ஒரு பழக்கம் வந்தாலே சண்டை பாதி மாறிவிடும்.

இரண்டாவது வழி: ரத்தம்

"தோள் எலும்பு பிளந்து கை தொங்குது, ரத்தம் பீய்ச்சி அடிக்குது, பாலமே செவக்குது."

பலருக்கும் முதலில் வாயில் வருவது இதுதான், கேட்ட உடனே ஒரு "ஓ!" வரவும் செய்யும். கணக்கைப் பாருங்கள். 39-இல் 14 போய் 25 மிச்சம், பாதிக்கு மேல். 2014 விதிப்புத்தகமே இதற்கு ஒரு அளவு சொல்கிறது: பாதிக்கு மேல் ஹிட் பாயிண்ட் இருக்கும்வரை பொதுவாகக் காயம் எதுவும் வெளியே தெரியாது, பாதிக்குக் கீழே போனால் வெட்டும் கன்றலும் தெரியும், பூஜ்யத்துக்குக் கொண்டுபோகும் அடிதான் நேராக உடம்பில் இறங்குகிறது. டி.அண்ட்.டி.யை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979-இல் டி.எம்.களுக்கான வழிகாட்டியிலேயே ஹிட் பாயிண்ட் என்பது வெறும் சதை இல்லை, திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்தது என்று விளக்கியிருக்கிறார். அதை மறந்துவிட்டு 14-க்கே கையைத் தொங்கவிட்டால், அடுத்த டர்னில் அதே கையால் கேப்டன் வாளைச் சுழற்றும்போது என்ன சொல்வீர்கள்? உங்கள் ஆட்கள் அடி வாங்கும்போது நிலைமை இன்னும் மோசம். இரவு எட்டு மணி நேரம் நீள ஓய்வு எடுத்தால் ஐந்தாம் பதிப்பில் ஹிட் பாயிண்ட் முழுசாகத் திரும்பிவிடும். மாலையில் எலும்பு தெரிந்த கால் காலையில் மலை ஏறும்.

அப்புறம், இந்த வழியில் மேலே மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். முதல் செஷனிலேயே ஒரு கோப்ளினின் குடலை வெளியே எடுத்துவிட்டால், மூன்று மாதம் கழித்து டிராகன் வரும்போது அதற்கென்று மிச்சம் வைத்திருப்பது என்ன? அதைவிட முக்கியம், டேபிளில் இருப்பவர்களில் ஒருவர் சமீபத்தில் விபத்தைப் பார்த்தவராக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவராக இருக்கலாம். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு இதற்காகத்தான்: நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை, யாருக்காவது ஒரு விவரணை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை, அந்த இடத்தை விட்டுவிட்டுப் போய்விடலாம். ரத்த வழியை எடுக்கிறவர்கள் முதல் ஆட்டத்துக்கு முன்பே எதுவரை போகலாம் என்று பேசிவைப்பதோடு, இந்த அட்டையையும் டேபிளில் போட்டுவிடுங்கள். இது இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கட்சி.

ரத்தத்துக்கு ஒரே ஒரு நல்ல இடம் கடைசி அடி. ஹிட் பாயிண்ட் பூஜ்யம், விதியும் ஒத்துக்கொள்கிறது, எதிரி திரும்ப எழுந்து நிற்கப்போவதில்லை. அதிலும் டி.எம். சொல்வதைவிட ஆடுகிறவரிடம் விட்டுவிடுவது நல்லது. 2015-இல் இணையத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கிய கிரிட்டிகல் ரோல் நிகழ்ச்சியில் டி.எம்.ஆக இருந்த மாத்யூ மெர்சர் பெரிய எதிரி சாயும் அடியில் "இதை எப்படிச் செய்யப் போறீங்க?" என்று கேட்டது உலகம் முழுக்கப் பரவியது அதனால்தான். எவ்வளவு ரத்தம் என்பதை அடித்தவரே முடிவு செய்துகொள்கிறார். சிலர் தலையை எடுப்பார்கள், சிலர் "கோடரிக் காம்பால மண்டையில ஒண்ணு, மயங்கிட்டான்" என்பார்கள். இரண்டாவது ஆள் சில நேரம் முதல் ஆளைவிடப் பயங்கரமாக இருப்பார்.

மூன்றாவது வழி: அடிக்கு முந்தைய கணம்

"அவ ஓடி வரல. பாலத்துக்கு நடுவுல நடந்து வர்றா. கோடரித் தலை கல்லுல உரசிக்கிட்டே வருது. கேப்டனுக்கு எட்டடி முன்னால நிக்கிறா. 'உன் ஆளுங்கள அனுப்பிடு. நீ மட்டும் நில்லு'ங்கிறா."

வேலை செய்தால் நான்கிலும் இதுதான் பெரியது. இன்னும் ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை, ஒரு பகடை உருளவில்லை, டேபிள் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறது. ஆனால் அடுத்தது பகடை உருண்டாக வேண்டும், அடி படுமா என்று சொல்லும் 20 முகப் பகடைக்கு இந்த நடையெல்லாம் தெரியாது. 3 விழுந்தால் நடந்து வந்த அத்தனை கம்பீரமும் காற்றில் போய்விடும், டேபிளே சிரிக்கும்.

இதை விதியிலேயே சரிசெய்த விளையாட்டுகள் இருக்கின்றன. 2001-இல் வந்த எக்ஸால்டட்டில் ரோலுக்கு முன்பே அடியை நன்றாக விவரித்தால் கூடுதல் பகடை கிடைக்கும்: நல்ல விவரணைக்கு ஒன்று, சுற்றியிருக்கும் பொருட்களைப் பிணைத்துச் சொன்னால் இரண்டு, டேபிளே மூச்சு நிற்கிற மாதிரி சொன்னால் மூன்று. அங்கே முன்கூட்டிப் பேசுவது லாபம், எல்லோரும் பேசுகிறார்கள். டி.அண்ட்.டி.யில் அப்படி ஒரு வரி கிடையாது, டி.எம். மனது வைத்து அட்வான்டேஜோ (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) இன்ஸ்பிரேஷன் என்ற போனஸோ கொடுத்தால்தான் உண்டு. ஆகவே இந்த விளையாட்டில் மூன்றாவது வழியை எடுப்பவருக்கு என் சிபாரிசு இதுதான்: ரோலுக்கு முன் நோக்கத்தை மட்டும் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். "நடந்து வர்றா, நிக்கிறா, ஓங்குறா" வரை சரி. "தலையப் பிளக்குற மாதிரி இறக்குறா" என்பது ரோலுக்குப் பின்னால் வர வேண்டியது.

மிரட்டலுக்கு அடியே தேவையில்லாத நேரமும் உண்டு. அங்கே கரிஸ்மா (ஆளுமைக்கான எண்) வெறும் 8 இருக்கும் ஃபைட்டர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இன்டிமிடேஷன், அதாவது மிரட்டல், கரிஸ்மாவோடு சேர்ந்த திறன். பலருக்குத் தெரியாத ஒரு வழி அதே 2014 புத்தகத்தில் இருக்கிறது: திறனை வேறொரு அபிலிட்டியோடு (அடிப்படைப் பண்போடு) சேர்த்துப் போட டி.எம். அனுமதிக்கலாம், அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் உதாரணங்களில் ஒன்றே உடல் பலத்தைக் காட்டி எதிரியை மிரட்டும் பார்பேரியன் ஸ்ட்ரெங்த் வைத்து இன்டிமிடேஷன் போடுவதுதான். கைப்பிடிச் சுவரில் இருந்து ஒரு கல்லை ஒற்றைக் கையால் பெயர்த்து எடுத்துக் கேப்டன் காலடியில் போட்டுவிட்டு, டி.எம்.மிடம் "ஸ்ட்ரெங்த் போடலாமா?" என்று கேளுங்கள். நல்ல டி.எம். மாட்டேன் என்று சொல்வது கஷ்டம்.

டி.அண்ட்.டி. போன்ற இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில், அதாவது 2019-இல் வந்ததில், டிமாரலைஸ் என்று ஒரு செயல் இருக்கிறது. டர்னில் இருக்கும் மூன்று செயல்களில் ஒன்றைக் கொடுத்து எதிரியின் வில் டி.சி.க்கு (மன உறுதி எண்ணுக்கு) எதிராக இன்டிமிடேஷன் போட வேண்டும். எதிரிக்கு உங்கள் மொழி புரியாவிட்டால் 4 குறையும். இன்டிமிடேட்டிங் கிளேர் என்ற ஃபீட் (சிறப்புத் திறமை) இருந்தால் அந்தக் குறைவு இல்லை, முறைத்தாலே போதும். வென்றாலும் தோற்றாலும் அதே எதிரியை அடுத்த பத்து நிமிடத்துக்கு நீங்கள் மறுபடி அதே முறையில் மிரட்ட முடியாது. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும், பாத்ஃபைண்டர் ஆடாதவர்கள்கூட இதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். கோப்ளின் மொழி தெரியாத கோடரிக்காரி வசனம் பேசி என்ன பயன்? கோடரியைக் கல்லில் உரசுவதுதான் அவள் பேச்சு. ஒரே ஆளிடம் ஒரே சண்டையில் இரண்டு முறை நடந்து வந்து நின்று முறைத்தால் இரண்டாவது முறை அது மிரட்டலாக இருக்காது. ஒரு சண்டைக்கு ஒருமுறை, முடிந்தால் ஒரு செஷனுக்கே ஒருமுறை.

வெற்று மிரட்டல் விடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வின்சென்ட் பேக்கரின் அபோகலிப்ஸ் வேர்ல்ட் விளையாட்டு 2010-இல் இதை அழகாக விதியாக்கியது. அதில் ஒருவரை ஆயுதத்தோடு மிரட்டி ரோல் நன்றாக விழுந்தால் முடிவு மிரட்டப்பட்டவர் கையில்: பணியலாம், இல்லையென்றால் அடியை வாங்கிக்கொள்ளலாம். அடியை வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் நீங்கள் அடித்தே ஆக வேண்டும். கேப்டன் "முடிஞ்சா வெட்டு" என்று கழுத்தைக் காட்டினால் வெட்டுகிற ஆளா உங்கள் கேரக்டர்? இல்லை என்றால் அந்த வசனத்தைச் சொல்லவே வேண்டாம்.

நான்காவது வழி: பார்த்தவனுக்கு என்ன ஆச்சு

"கோடரி தோள் தகட்டுல இறங்குது. காயம் பெருசா இல்ல. கேப்டன் முன்னால வைக்க ஒரு காலத் தூக்குறான், தூக்குன எடத்துலயே திருப்பி வைக்கிறான். வாள் நுனி ஆடுது. பின்னால அஞ்சு கோப்ளினும் கோடரியப் பாக்கல, அவன் காலத்தான் பாக்குதுங்க."

ஆயுதத்துக்கு ஒரு வரி, மற்றதெல்லாம் எதிரியின் உடம்பு. 25 ஹிட் பாயிண்ட் மிச்சம் இருப்பதோடு இது முட்டவில்லை, ஏனென்றால் பயப்படக் காயம் தேவையில்லை. விதியோடும் வரிக்கு வரி ஒத்துப்போகிறது. ஐந்தாம் பதிப்பில் பயந்த நிலையில் இருப்பவன் பயத்துக்குக் காரணமானவரை நோக்கித் தானாக நெருங்க முடியாது, அவரைப் பார்க்க முடிகிறவரை அட்டாக் ரோலும் அபிலிட்டி செக்கும் டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுத்து) போட வேண்டும். தூக்கிய கால் அதே இடத்தில் இறங்குகிறதே, அதுதான் நெருங்க முடியாமை. ஆடும் வாள் நுனிதான் டிஸ்அட்வான்டேஜ். விதிப்புத்தகத்தைத் திறக்காமலே புது ஆளுக்கும் புரிந்துவிட்டது. கவனியுங்கள், அவன் இரண்டடி பின்வாங்கினான் என்று சொல்லவில்லை. சொன்னால் யாராவது டேபிளில் வைத்திருக்கும் அவன் மினியேச்சர் பொம்மையை நகர்த்துவார்கள், அது விதியில் இல்லாத நகர்வு, அதற்கு ஒரு சண்டை தனியாக வரும்.

கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் தோற்று ஓடும் கலிங்க வீரர்களைக் காட்டும் இடம் இந்த வழிக்குப் பெரிய பாடம். ஒருவன் வில்லின் நாணை அவிழ்த்து மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொள்கிறான், கங்கையில் நீராட வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டோம் என்று சொல்லித் தப்பிக்கிறான். இன்னும் சிலர் யானையின் மணியைத் தாளமாகப் பிடித்துக்கொண்டு நாங்கள் பாணர்கள் என்கிறார்கள். சோழத் தளபதி கருணாகரத் தொண்டைமானின் படை எப்படி வெட்டியது என்பதை எத்தனை பாட்டில் சொன்னாலும், வில்லைத் தூக்கி வந்தவன் அந்த நாணையே பூணூலாக்கிக்கொண்டான் என்ற ஒரு செய்தி தரும் அச்சம் தனி. இதை அப்படியே பாலத்துக்குக் கொண்டுவரலாம். ஒரு கோப்ளின் தலைக்கவசத்தைக் கழற்றி ஆற்றில் போட்டுவிட்டு, கொள்ளையடித்த வண்டிப் பக்கத்தில் போய் உட்கார்ந்து தன் கையைத் தானே கயிற்றில் சுற்றிக்கொள்கிறது, கைதி மாதிரி. கோடரிக்காரி எவ்வளவு பெரிய ஆள் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி பயப்படக் கூடாது, இந்த வழி கெடுவது பெரும்பாலும் அங்கேதான். எல்லா எதிரிக்கும் கை நடுங்கி முகம் வெளிறினால் நான்காவது சண்டையில் யாருக்கும் எதுவும் தோன்றாது. கூலிப்படைக்காரன் பயந்தால் கண் வாசலுக்குப் போகும், எத்தனை அடி தூரம் என்று கணக்குப் போடுவான். ஓகர் (முரட்டு அரக்கன்) பயந்தால் கத்தும், பக்கத்தில் இருக்கும் எதையாவது உடைக்கும். ஓநாய் காதை மடக்கி வாலை ஒடுக்கும், ஆனால் கண்ணை எடுக்காது. அனுபவப்பட்ட படைத்தலைவன் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பிப்பான். மேலே சொன்ன அபோகலிப்ஸ் வேர்ல்டில் அதே மிரட்டல் ரோல் அரைகுறையாக விழுந்தால் எதிராளி செய்யக்கூடியவை என்று சில இருக்கின்றன: வழியை விட்டு ஓடுவது, உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொள்வது, நீங்கள் கேட்பீர்கள் என்று நினைப்பதைக் கொடுத்துவிடுவது, கையைத் தெரியும்படி வைத்துக்கொண்டு பின்வாங்குவது, தெரிந்ததைச் சொல்லிவிடுவது. எந்த விளையாட்டு ஆடினாலும் இவற்றை ஒரு தாளில் எழுதி டி.எம். திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று: பயந்தான் என்று சொன்னால் அடுத்த டர்னில் அவன் பயந்தவனாக நடந்துகொள்ள வேண்டும். கோப்ளின்கள் மிரண்டு போய்ப் பார்க்கின்றன என்று சொல்லிவிட்டு, அவற்றின் டர்ன் வந்ததும் ஐந்தும் வழக்கம்போலப் பாய்ந்து குத்தினால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்த விவரணையையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். சொன்னதெல்லாம் அலங்காரம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இதற்கு ஒரு பகடை வேண்டுமென்றால் பழைய விதி ஒன்று தயாராக இருக்கிறது. 1981-இன் டி.அண்ட்.டி. பேசிக், எக்ஸ்பர்ட் பெட்டிகளில் ஒவ்வொரு எதிரிக்கும் மொரேல் (மனத்துணிவு) என்று 2 முதல் 12 வரை ஒரு எண் உண்டு. கூட்டத்தில் முதல் சாவு விழும்போதும், பாதிப் பேர் வீழ்ந்தபோதும் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும், எண்ணைத் தாண்டினால் சரணடையும் அல்லது ஓடும். ஐந்தாம் பதிப்பில் 2014 டி.எம். கையேட்டில் இது விருப்ப விதியாக இருக்கிறது, 10-க்கு ஒரு விஸ்டம் சேவ். ஹிட் பாயிண்ட் பூஜ்யம் ஆகும்வரை கடைசிக் கோப்ளினும் நின்று சண்டை போடும் டேபிளில் எவ்வளவு நன்றாக விவரித்தாலும் மிரட்டலுக்கு மரியாதை கிடையாது.

யார் சொல்வது?

இதுவரை டி.எம். பக்கம் இருந்தே பேசினேன். ஆடுகிறவராக இருந்தால் நான்காவது வழியில் ஒரு தடை இருக்கிறது: எதிரியின் உடம்பு உங்களுடையது இல்லை. "அவன் நடுங்கி வாளக் கீழ போடுறான்" என்று நீங்களே சொல்லிவிட்டால் டி.எம். வேலையை எடுத்துக்கொண்ட மாதிரி ஆகும், நல்ல டி.எம். கூட முகம் சுளிப்பார். ஆனால் அதைக் கேட்டு வாங்கலாம். "கோடரிய அவன் தோள்ல இருந்து மெதுவா உருவுறேன், கண்ண எடுக்கல. அவன் இப்ப எங்க பாக்குறான்?" உங்கள் கேரக்டர் செய்தது ஒரு வரி, கேள்வி ஒரு வரி. பதில் சொல்ல டி.எம்.முக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது, "சரி, 14" என்று நகர முடியாது.

டி.எம்.முக்கும் அதே எல்லை எதிர்ப்பக்கத்தில் உண்டு. எதிரி செய்யும் மிரட்டும் அடியை விவரிக்கும்போது "உனக்கு முதுகெலும்பு சில்லிடுது" என்று ஆடுகிறவரின் கேரக்டருக்குப் பயத்தை ஊட்டக் கூடாது. 2014 விதியில் வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு ஃப்ரைட்ஃபுல் பிரசன்ஸ் (பார்த்தாலே பயமூட்டும் தன்மை) இருக்கிறது, 120 அடிக்குள் அது தேர்ந்தெடுக்கும் எல்லாரும் 19-க்கு விஸ்டம் சேவ் போட வேண்டும், தோற்றவர்கள் பயந்தாக வேண்டும் என்பது விதி. அதில் வாதம் இல்லை. ஆனால் எப்படிப் பயப்படுவது என்பதை அவர்களிடமே கேளுங்கள்: "உங்க ஆளுக்குப் பயம் வந்தா வெளிய எப்படித் தெரியும்?" பாலடின் (புனித வீரன்) ஆடுகிறவர் "ஜெபத்த ஆரம்பிக்கிறேன், ரெண்டாவது வரி மறந்துபோச்சு" என்று சொன்னால் அதைவிட நல்ல வரி எந்த டி.எம்.முக்கும் கிடைக்காது. மற்றபடி பயத்தைக் குதிரைகளிடமும் வழிகாட்டியிடமும் கூலிக்கு வந்த தீவட்டிக்காரனிடமும் காட்டுங்கள், அவர்கள் உங்கள் கையில் இருப்பவர்கள்.

தமிழில் ஆடுகிறவர்களுக்கு ஒன்று. எண்களும் விதிகளும் ஆங்கிலச் சொற்களாகவே வரட்டும், அது இயல்பு. ஆனால் விவரணை வந்ததும் பலர் திடீரென்று "வாளை ஓங்கினான், வீழ்ந்தான் எதிரி" என்று மேடை நாடகத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள், கேட்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள், கொங்கோ நெல்லையோ உங்கள் ஊர்ப் பேச்சிலேயே. மடார், சரக், ணங், பொத்து என்று ஓசைக்கு நம்மிடம் இருக்கும் சொற்களைத் தயங்காமல் எடுங்கள், ஆனால் ஒரு அடிக்கு ஒன்று போதும்.

எந்த டேபிளுக்கு எது?

புதிதாக டி.எம். ஆகிறவர் நான்காவதை மட்டும் பழகினால் போதும், அதுவும் எல்லா அடிக்கும் வேண்டாம், ஒரு ரவுண்டுக்கு ஒரு அடி. ஆறு பேர் ஆடும் பெரிய டேபிளுக்கும் அதே கணக்குதான். குழந்தைகளோடு ஆடினால் ரத்தத்தை முழுக்க விட்டுவிடுங்கள், ஓடும் கோப்ளின்கள் அவர்களுக்கு ஆயிரம் மடங்கு பிடிக்கும். டிஸ்கார்டில் குரல் மட்டும் வைத்து ஆடுகிறவர்களுக்கு மூன்றாவது வழி சிரமம். நேரில் இரண்டு நொடி மௌனம் மிரட்டும், போன் வழியாக வந்தால் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். அங்கேயும் நான்காவதுதான் நிற்கும், ஏனென்றால் அது முழுக்கச் சொல்லால் ஆனது, முகமும் கையும் தேவையில்லை. இரண்டே பேர் மோதும் தனிச் சண்டை, இரண்டு மாதமாகக் காத்திருந்த எதிரி என்றால் மூன்றாவதில் ஆரம்பித்து, நடுவில் முதல் வழியை எடுத்து, முடிக்கும் அடியை ஆடுகிறவரிடம் விட்டுவிடுங்கள். அந்த ஒரு சண்டைக்கு அத்தனை நேரமும் கொடுக்கலாம்.

நான்காவது வழி படுத்துவிடும் ஒரு இடம் உண்டு, பயமே இல்லாத எதிரி. உயிரூட்டிய இரும்புச் சிலையான அயர்ன் கோலெமுக்குப் பயந்த நிலை பிடிக்காது என்று விதியிலேயே இருக்கிறது. அதன் உடம்பில் எந்த மாற்றமும் காட்ட முடியாது, காட்டினால் பொய். அங்கே கோடரிக்காரி தன் முழு பலத்தோடு அடிக்கிறாள், ணங் என்று கோடரி துள்ளித் திரும்புகிறது, மணிக்கட்டுவரை அதிர்கிறது, கோலெம் தலையைக்கூடத் திருப்பவில்லை. இப்போது மிரட்டுவது அவள் இல்லை, அது. அதன் கை ஓங்கும்போது முதல் வழியை எடுத்து எடையையும் உடையும் தரையையும் சொல்லுங்கள், அடி யார் மேல் விழுந்தது என்று சொல்லிவிட்டு, பின்னால் நிற்கும் தீவட்டிக்காரனிடம் போங்கள். அவன் ஏற்கெனவே கதவுப் பக்கம் நகர்ந்திருப்பான், வெளிச்சமும் அவனோடு நகர்ந்திருக்கும். அடுத்த டர்னில் மங்கிய வெளிச்சத்துக்கான விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இருட்டில் பார்வை இல்லாதவர்கள் பர்செப்ஷன் (கவனித்துக் கண்டுபிடிக்கும்) செக்கை டிஸ்அட்வான்டேஜில் போடட்டும்.